முதல் ஸ்டார்ட் எனக்கு வேணும்

எங்க தொழில்ல ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அதையும் யாராவது எனக்கு முன்னாடி எழுந்து கெடுத்து வெச்சிருப்பாங்க.

தொழில் என்னன்னு சொல்லிடறேன். மன்னார்புரத்துல எனக்கும் ஜமால் பாய்க்கும் கூட்டா ஒரு ஒர்க்ஷாப். ஸ்பேனர் பிடிக்கிற வேலை பாயோடது. லேப்டாப் பிடிக்கிற வேலை என்னோடது. வண்டியோட வந்த கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போச்சுன்னா, வெளியில விக்கிற வேற பெட்டியை வாங்கி மாட்டுவாங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணும் இருக்காது, காலி. எப்போ எவ்வளவு பெட்ரோல் விடணும்கிற நம்பர் மொத்தத்தையும் ஒருத்தன் உட்கார்ந்து எழுதணும். ஓடுற எஞ்சினுக்கு எழுதறது எனக்கு இடது கை வேலை. ராத்திரி பூரா ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில முதல் தடவை பிடிக்குது பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்கு எழுதறதுதான் உயிரை வாங்கும். பழைய காருல சோக்குன்னு ஒண்ணை இழுப்போமே, அந்த வேலையை இப்போ நம்பர் செய்யணும். பெட்ரோல் குறைஞ்சா பிடிக்காது, கூடினா பிளக் நனைஞ்சுபோகும். எவ்வளவு சரின்னு தெரியணும்னா ஆறின எஞ்சினை என் கண் முன்னாடி ஸ்டார்ட் பண்ணியாகணும். பண்ணியாச்சுன்னா சூடாயிடுச்சு. மறுபடி ஆறணும்னா மறுநாள் காலைதான்.

லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா என் வயித்தெரிச்சல் புரியும். வெறும் வயித்துல வாங்கன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பீங்க. வந்து உட்கார்ந்து கையை நீட்டிட்டு, "ரெண்டே ரெண்டு இட்லிதாங்க"ன்னு சொல்வாங்கல்ல, அதே ஜனங்கதான் எனக்கும். கீழே இருக்கிறதெல்லாம் ஒரே வாரத்துல, ஒரே வேனுக்கு நடந்தது.

சுடச்சுட வந்த வேன்

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு செல்வி வந்தாங்க. ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்ல பூ வாங்கி, பக்கத்துலயே இருக்கிற வீட்டு வாசல்ல வேன்ல ஏத்தி, விடியறதுக்குள்ள சமயபுரத்துல எட்டு மாலைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடறவங்க. வண்டி ஓட்டறதும் அவங்கதான். பழைய பெட்ரோல் வேன். பழைய பெட்டி எரிஞ்சுபோய் யாரோ ஒருத்தன் புதுப் பெட்டி மாட்டியிருக்கான். அன்னையிலேருந்து தலைவலி. காலையில நாலரைக்குப் பூவை ஏத்திட்டு சாவியைத் திருகினா செல்ஃப் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. சில நாள் பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டணும். அப்படியே பிடிச்சாலும் கொள்ளிடம் பாலத்து நடுவுல இருமி நின்னுபோகுது. போன வெள்ளிக்கிழமை பாலத்துல நின்னு, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னு, மல்லிகை எல்லாம் ரெண்டு மணி நேரம் லேட்டு. வர்ற ஞாயிறு பூச்சொரிதல் ஆரம்பம். வருஷத்துலயே பெரிய பூ அன்னைக்குத்தான். அன்னைக்கும் லேட்டானா எட்டுக் கடையும் தொட்டியத்துல இருந்து லோடு அடிக்கிற வேற ஒருத்தருக்குப் போயிடும்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்களாம். சொல்லும்போது அந்தம்மா அழலை. ஆனா சாவிக்கொத்தை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க.

எல்லாம் கேட்டுட்டு பானெட்ல கை வெச்சேன். சுட்டுச்சு. காலையில சமயபுரம் போய்த் திரும்பி, அங்கிருந்து நேரா மன்னார்புரம் வந்திருக்காங்க. ஆறின எஞ்சின் பிரச்சினையைக் காட்ட கொதிக்கிற எஞ்சினைக் கொண்டுவந்தா நான் என்னத்தைப் பார்க்கிறது? வண்டியை ஆற விடுங்க, நாளைக்குக் காலையில நானே உங்க வீட்டுக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னேன். செல்வி தலையாட்டினாங்க. அப்புறம் வெளியில காய்ஞ்சுக்கிட்டிருந்த ரோட்டைப் பார்த்துட்டு, நிஜமாவே சந்தேகமாக் கேட்டாங்க.

"இந்த ஊர் வெயில்ல எஞ்சின் எப்படிண்ணே ஆறும்?"

மரியாதை

புதன்கிழமை மூணரைக்கு எழுந்தேன். என் வயசுக்கு அது எழுந்திருக்கிற நேரமா? பைக்ல லேப்டாப் பையை மாட்டிக்கிட்டு, காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச்சாலை தாண்டி, செல்வி வீட்டுத் தெருவுல திரும்பறேன், காதுல விழுது சத்தம். வேன் ஓடிக்கிட்டிருக்குது. செல்வியோட வீட்டுக்காரர் முருகேசன் வாசல்ல நிக்கிறார். குளிச்சு, விபூதி பூசி, என்னை வரவேற்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டு. மனுஷன் மூணு மணிக்கே எழுந்து, அரை மணி நேரம் செல்ஃப் அடிச்சு, பிளக் துடைச்சு, மறுபடி அடிச்சு, ஒரு வழியா ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கார். நான் எதைப் பார்க்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்தேனோ, அத்தனையும் எனக்கு முன்னாடி நடந்து முடிஞ்சுபோச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே லேப்டாப்பைத் தூக்கிப் போட்டிருப்பேன். "யாரைக் கேட்டுய்யா சாவியைத் தொட்ட?"ன்னு தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தினேன். அவர் முகம் சின்னதாப் போச்சு. உள்ளே செல்வி எனக்குப் போட்ட காபியை டபராவோட வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முருகேசன் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"ஒரு பெரிய மனுஷன் வீடு தேடி வர்றாரு, அவரு முன்னாடி வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அசிங்கமாப் போயிடுமேன்னு நினைச்சேங்க சார்."

பனிமலை நம்பர்

அன்னைக்கு மத்தியானம் வேன் திரும்பி வந்ததும் சும்மா இருக்காம, பெட்டிக்குள்ள என்னதான் எழுதியிருக்குன்னு திறந்து பார்த்தேன். பார்த்ததும் ரத்தம் கொதிச்சுப்போச்சு. எங்கேயோ பனி கொட்டுற நாட்டுல, யாரோ அவன் வண்டிக்கு எழுதினதை, பெட்டி மாட்டினவன் நெட்லேருந்து அப்படியே இறக்கி ஒட்டியிருக்கான். பச்சைத் தண்ணி உறையற குளிருக்கான பெட்ரோலை, மாசி மாசத்து ஸ்ரீரங்கத்துல ஊத்தினா பிளக் நனையாம என்ன செய்யும்? நீச்சலே அடிக்கும். மாட்டினவன் நம்பரை செல்விகிட்ட வாங்கி போன் போட்டேன். ஏம்ப்பா, இதை ஒரு தடவையாவது ஆறின எஞ்சின்ல போட்டுப் பார்த்தியான்னு கேட்டேன். அவனுக்குக் கொஞ்சம்கூட கூச்சம் இல்லை. எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி நிதானமாச் சொல்றான்.

"அங்கே அவ்வளவு பனியிலேயே ஸ்டார்ட் ஆகுதுன்னா சார், திருச்சியில ஆகாம போயிடுமா?"

பத்தடி

வியாழக்கிழமை. முந்தின நாளே சத்தியம் வாங்காத குறையா சொல்லிட்டு வந்திருந்தேன். முருகேசன் சாவியை என் கண் முன்னாடி சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சார். நாலேகாலுக்குப் போறேன், தெரு அமைதியா இருக்குது, வேன் சத்தமில்லாம நிக்குது. ஆஹா, இன்னைக்கு நம்ம நாள்னு நினைச்சேன். பானெட்டைத் திறந்து எஞ்சின்ல கை வெச்சா வெதுவெதுன்னு இருக்குது. நேத்து நின்ன இடத்துல வேனும் இல்லை, பத்தடி தள்ளி நிக்குது.

அந்தத் தெருவுல ஒரு வழக்கம் இருக்குது. திடீர்னு பெருமாள் புறப்பாடு, தேருக்கு வழி, ஏதாவது ஒண்ணுன்னு வண்டியை நகர்த்தச் சொல்வாங்க. அதனால இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்து வெச்சிருப்பாங்க. இந்த வேனோட இன்னொரு சாவி எதிர்வீட்டு ராகவன் மாமாகிட்ட. இதை என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. மாமா நாலு மணிக்கு எழுந்திருக்கார், மாமி வாசல் தெளிச்சுக் கோலம் போட வந்திருக்காங்க, வேன் மூக்கு கோலத்து இடத்துல நின்னிருக்குது. செல்ஃபை அடிச்சு அடிச்சு ஸ்டார்ட் பண்ணி, நகர்த்தி, ஆஃப் பண்ணிட்டு, சாவியை வேட்டியில முடிஞ்சுக்கிட்டார். அரை நிமிஷம் ஓடி நின்ன எஞ்சின் இருக்குதே, அதைவிடக் கேடு கிடையாது. சூடும் இல்லை, ஆறவும் இல்லை, பிளக் பூரா பெட்ரோல். நாலரைக்கு செல்வி சாவியைத் திருகினாங்க. செல்ஃப் சுத்திச் சுத்தி பேட்டரியே படுத்துடுச்சு. அத்தனை கூடையையும் ரெண்டு ஆட்டோவுல மாத்தி ஏத்தினோம், நானும்தான் தூக்கினேன். சமயபுரத்துலேருந்து ஒரு கடைக்காரர் போன் பண்ணி, ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆள் பார்த்துக்கட்டுமான்னு கேட்டார். செல்வி வேண்டாங்க, வந்துடுவேங்கன்னு கெஞ்சினாங்க. நான் அப்படியே திரும்பி மாமா மேல பாய்ஞ்சேன். உங்களால ஒரு குடும்பத்தோட பிழைப்பே போகப்போகுதுன்னேன். மாமா பல் தேய்ச்சுக்கிட்டிருந்தவர், வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு நிதானமாக் கேட்டார்.

"பத்தடிதானே ஓய் நகர்த்தினேன், அதுல என்ன குடி முழுகிப்போச்சு?"

பூட்டுக்கு உள்ளே

இனி அந்தத் தெருவை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு, பிளக் துடைச்சு, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தி, வியாழக்கிழமை மத்தியானமே வேனை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்துட்டேன். வெள்ளிக்கிழமைப் பூவுக்கு செல்வி லோடு ஆட்டோ பேசிக்கிட்டாங்க. பனிமலை நம்பரையெல்லாம் அழிச்சுட்டு, என் அனுபவத்துல குத்துமதிப்பா புதுசா எழுதினேன். வேனை உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, பூட்டி, ஷட்டர் சாவி, வேன் சாவி ரெண்டையும் என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். பாய், நீங்க சாவி கேட்டாலும் தரமாட்டேன்னு சொன்னேன். அல்லாஹ் மேல ஆணையா எனக்கு வேண்டாம்ப்பான்னு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுலயும் தூக்கம் வரலை, மூணு நாளா கெடுத்தவங்க ஒவ்வொருத்தரையும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நானும் பாயும் ஷட்டரைத் தூக்கினோம். எஞ்சின் பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சீட்டுல உட்கார்ந்து, மடியில லேப்டாப்பைத் திறந்து, கேபிளை மாட்டினேன். லேப்டாப் வேனைப் பிடிச்சுடுச்சா இல்லையான்னு பார்க்க, சாவியை ஒரு கட்டம் மட்டும் திருகினாப் போதும். திருகினேன். இருபது வருஷம் சாவியைப் பிடிச்சே பழகின கை. ஒரு கட்டத்துல நிக்கலை. முழுசாத் திருகிடுச்சு. டபார்னு எஞ்சின் பிடிச்சு, ஓட ஆரம்பிச்சுடுச்சு. லேப்டாப்ல ஒரு வரிகூடப் பதிவாகலை. எப்படிப் பிடிச்சது, எந்த நம்பர்ல பிடிச்சது, சரியா தப்பா, ஒரு எழவும் தெரியாது. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதை.

ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங்ல தலையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் ஒரு பக்கம், என் கையையே வெட்டிப்போடலாமான்னு ஆத்திரம் ஒரு பக்கம். செல்விக்குப் போன் பண்ணி, இன்னைக்குக் கெடுத்தது நான்தாம்மான்னு சொன்னேன். மத்தவங்களை நான் திட்டின மாதிரி அவங்களும் என்னைத் திட்டியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும். சரிண்ணே, நாளைக்குப் பார்ப்போம்னு வெச்சுட்டாங்க. பாய் இவ்வளவு நேரமும் கதவுல சாய்ஞ்சு பார்த்துக்கிட்டிருந்தார்.

"மூணு நாளா மத்தவங்களை என்னென்ன சொன்னியோ, அதையெல்லாம் வரிசையா இப்ப உனக்கே சொல்லிக்கோ, நான் போய் டீ வாங்கிட்டு வர்றேன்."

பூக்கூடை நடுவுல

சனிக்கிழமை விட்டா ஞாயிறு. வேன் முந்தின நாள் மத்தியானமே ஸ்ரீரங்கம் போய், தெருவுல நின்னு ஆறிக்கிட்டிருந்தது. நாலேகாலுக்கு நான் போனப்போ முருகேசன் வேன் முன்னாடி ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கார். ராகவன் மாமா அவர்கிட்ட இருந்த சாவியை வாசல்ல வெச்சே என் கையில கொடுத்துட்டு உள்ளே போயிட்டார். மாமி அன்னைக்குக் கோலத்தை வேன் மூக்கைச் சுத்தி வளைச்சுப் போட்டிருந்தாங்க. லேப்டாப்பை மாட்டினேன், பதிவு ஓடுதான்னு மூணு தடவை பார்த்தேன், செல்விகிட்டத் திருகச் சொன்னேன். ரெண்டு சுத்து, பிடிச்சுக்கிச்சு. எனக்கு வந்த சத்தம் என்னன்னு எனக்கே தெரியலை, முருகேசன் பயந்துட்டார்.

ஆனா அதோட முடியலையே. ஸ்டார்ட் ஆனப்புறம் சூடு ஏற ஏற பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே வரணும், அதுலதான் பாலத்துல நிக்குது. அதனால நானும் ஏறிக்கிட்டேன். முன்சீட்டுல எனக்கு இடது பக்கம் சம்பங்கி மூட்டை, காலடியில அரளி, மடியில லேப்டாப், அதுமேல ஈரச் சாக்கு சொட்டுது. கொள்ளிடம் பாலத்துல ஏறினோம். நடுப்பாலத்துல எஞ்சின் இரும ஆரம்பிச்சுது. பின்னாடி பஸ்காரன் ஹாரனை அமுக்கிட்டான். செல்வி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அண்ணே அண்ணேன்னு அதையே சொல்றாங்க. விடாதீங்க, ஆக்சிலரேட்டரைக் கூட்டாதீங்க, அப்படியே பிடிங்கன்னு கத்திக்கிட்டே நான் நம்பரைக் குறைக்கிறேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஒரு இடத்துல இருமல் நின்னுச்சு. எஞ்சின் ஒரே சீரா ஓட ஆரம்பிச்சுது. டோல்கேட் தாண்டுற வரைக்கும் நான் லேப்டாப்லேருந்து கண்ணை எடுக்கலை. சமயபுரம் சேர்ந்ததும் முதல் வேலையா அந்த நம்பரைப் பெட்டிக்குள்ள பதிச்சு வெச்சேன்.

அங்கேயே நின்னு செல்விகிட்ட சொன்னேன். வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் வண்டியை ஆஃப் பண்ணுங்க, யாரும் தொடாதீங்க, நாளைக்கு நாலரைக்கு ஒரே ஒரு தடவை திருகுங்க, பிடிக்கும். நான் வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்ணே, நீங்களும் ஒரு நாளாவது தூங்க வேணாமான்னாங்க. நான் பஸ் ஏறி வந்துட்டேன். கிளம்பும்போது ஒரு கடைக்காரம்மா கூடையை இறக்கிக்கிட்டே என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு செல்வியைக் கேட்டாங்க.

"பூ நேரத்துக்கு வந்துடுச்சு, சரி, மடியில லேப்டாப்போட ஒரு ஆளு வந்திருக்காரே, அவரு எந்தக் கடைக்கு?"

ஞாயிறு

நாலரைக்கு அலாரம் இல்லாமலே முழிச்சேன். பிடிச்சுடுச்சுண்ணேன்னு ஒரு போன் வரும்னு பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சு ஆச்சு, அஞ்சரை ஆச்சு. நான் போட்டா மணி அடிக்குது, எடுக்கலை. பிடிக்கலையா, பாலத்துல நின்னுபோச்சா, என் நம்பர் தப்பா? உட்கார முடியலை. பைக்கை எடுத்தேன். டோல்கேட்டுலேருந்தே மஞ்சப் புடவை, பூத்தட்டு, மேளம், ஜனம்னா ஜனம். பைக்கை ஓரமாப் போட்டுட்டு நடந்தே போனேன்.

மாலைக் கடை வரிசைக்குப் பின்னாடி வேன் நின்னுச்சு. கூடை எல்லாம் இறக்கியாச்சு, எட்டுக் கடையிலயும் பூ குவிஞ்சு கிடக்குது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பக்கத்துல போனா, உள்ளே ஆள் இல்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டிருக்குது. யாரு இப்படி வீணா ஓடவிட்டதுன்னு கையை உள்ளே விட்டு சாவியைத் தொட்டேன். எங்கிருந்துதான் வந்தாங்களோ, செல்வி ஓடி வந்து என் கையைப் பிடிச்சுட்டாங்க. ஐயோ அண்ணே, ஆஃப் பண்ணாதீங்க! ஏம்மா, இன்னைக்கு எப்படிப் பிடிச்சது, எத்தனை சுத்துன்னு கேட்டேன். இன்னைக்கு சாவியைத் திருகவே இல்லைண்ணே, நேத்து நீங்க இருந்தப்போ ஸ்டார்ட் பண்ணோமே அதுதான் கடைசி, அதுக்கப்புறம் ஆஃப் பண்ணவே இல்லைன்னாங்க. ஒரு பகல், ஒரு ராத்திரி. முருகேசன் கேன்ல பெட்ரோல் வாங்கிவந்து ஊத்தியிருக்கார், ஓடுற வண்டியில. ராத்திரி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க.

நான் போட்ட கூச்சல்ல மேளக்காரங்களே திரும்பிப் பார்த்தாங்க. ஓடுற வண்டியில பெட்ரோல் ஊத்தினீங்களே, தெருவோட கொளுத்தப் பார்த்தீங்களா? நாலு நாள் நான் கண் முழிச்சது எதுக்கு? அந்த நம்பர் நூத்துக்கு நூறு சரி, என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன். செல்வி நான் முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம செவந்திருந்தது. தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டு சொன்னாங்க.

"நம்பர் தப்பாப் போச்சுன்னா நீங்க மறுநாள் வந்து மாத்திடுவீங்கண்ணே, எனக்கு இந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள்னு ஒண்ணு கிடையாது."

என்னத்தைச் சொல்ல, ஊர்ல எஞ்சின் ஆறட்டும்னு காத்துக்கிட்டிருக்கிறவன் நான் ஒருத்தன்தான், மத்த எல்லாருக்கும் விடியறதுக்குள்ள எங்கேயாவது போய்ச் சேர வேண்டியிருக்கு.